பிள்ளை பார்ப்பவனுக்கு வேலை கிடைக்க ஒரு ஜெபம்

அயர்லாந்தில் நான் என் மகளின் மூக்கைத் துடைத்தால் ஆட்கள் பாராட்டுகிறார்கள். கதைக்காகச் சொல்லவில்லை. நாங்கள் இருப்பது ஒரு சின்ன டவுண். ஒரு கடைவீதி, ஒரு ஆறு, ஆண்டு முழுக்க ஈரம். அந்தக் கடைவீதியில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். வண்டிக்குள் எட்டு மாதமான ஹன்னா. வண்டிக் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடக்கிறவன் நான்கு வயது ஏபல். ஹன்னாவுக்குச் சளி. ஓரமாக நிறுத்தி மூக்கைத் துடைத்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்மணி நெஞ்சில் கைவைத்து, "ஆ, ஃபேர் ப்ளே டு யூ" என்றார். சபாஷ் என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது. சூப்பர் மார்க்கெட்டுக்குள் போனால் பில் போடுகிற பெண் என்னையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டு, "இன்றைக்கு நீ பேபி சிட்டிங்கா?" என்று கேட்கிறாள். "இல்லை, நான் இவர்களுடைய அப்பா" என்றேன். நான் பகடி பேசுவதாக நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஏபலுக்கு ஒரு ஸ்டிக்கரும் கொடுத்தாள். எனக்குப் பின்னால் மூன்று பிள்ளைகளோடு ஒரு பெண் நின்றாள். ஒன்று இடுப்பில், ஒன்று தரையில் உருண்டு அழுதபடி, ஒன்று சாக்லேட் அடுக்கைச் சரித்துக்கொண்டு. அவளுக்கு யாரும் ஸ்டிக்கர் கொடுக்கவில்லை. சீக்கிரம் பணத்தைக் கட்டிவிட்டு நகர்ந்தால் போதும் என்றுதான் எல்லார் முகத்திலும் இருந்தது.

இந்தப் பாராட்டைக் கேட்டு மனம் குளிர்கிற ஆண்களும் உண்டு. எங்கள் டவுணிலேயே சிலரை எனக்குத் தெரியும். வாரத்தில் ஒருநாள் பிள்ளையை நெஞ்சில் கட்டிக்கொண்டு காப்பிக் கடைக்கு வந்து, ஊரார் கண்ணில் படும் ஜன்னலோர நாற்காலியாகப் பார்த்து உட்காருவார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். தன் சோற்றைத் தானே அள்ளித் தின்றதற்காக ஒருவனுக்கு மாலை போட்டால் அவன் கூச வேண்டாமா? இவர்கள் கழுத்தை நீட்டுகிறார்கள்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் பக்கத்து ஊர்க்காரன். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு. ஆகவே தெருவுக்கு நாலு நர்ஸ் மாப்பிள்ளைகளும் உண்டு. நர்ஸ் மாப்பிள்ளை என்றால், மனைவிக்குக் கிடைத்த விசாவின் பின்னால் தொற்றிக்கொண்டு வெளிநாடு போனவன் என்று பொருள். கல்யாண வீட்டுப் பந்தியில் அந்தச் சொல்லைச் சொல்லும்போது கூடவே ஒரு சிரிப்பும் வரும். நான் அந்த வகை. ஊரில் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி ஷைனிக்கு அயர்லாந்தில் மருத்துவமனை வேலை கிடைத்தது. ஏபல் பிறந்ததும் இருவரும் உட்கார்ந்து பேசினோம். ஒருவர் வீட்டில் நிற்க வேண்டும். அவளுடைய வேலை நல்ல வேலை. ஆக நிற்க வேண்டியவன் நான். இதைப் பேசி முடிக்க ஒரு காப்பி குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. ஊராருக்குத்தான் இது இன்னும் பிடிபடவில்லை.

இங்கே பிள்ளை வளர்ப்பு என்பது ஒரு தனி மதம். புதன்கிழமை தோறும் ஒரு சர்ச் ஹாலில் பிளே குரூப் நடக்கும். தாய்மார்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பையன் இன்னொரு பையனின் கன்னத்தைக் கடித்து ரத்தம் வரவைத்தான். கடித்தவனின் அம்மா அவன் முன்னால் மண்டியிட்டு, "உனக்குள்ளே பெரிய பெரிய உணர்வுகள் இருக்கின்றன, இல்லையா கண்ணே?" என்றாள். கடிபட்டவனுக்கு என்ன உணர்வு இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. இன்னொருத்தி ஆறு மாதக் குழந்தையின் கையில் அவித்த புரோக்கோலியை முழுசாகக் கொடுத்துவிட்டு, அது தானே தின்னக் கற்றுக்கொள்ளும் என்று காத்திருந்தாள். குழந்தை அதைத் தலையில் தேய்த்தது. "அவள் உணவை ஆராய்கிறாள்" என்றாள் அம்மா பெருமையாக. நான் ஹன்னாவுக்கு ஊரிலிருந்து வந்த ஏத்தங்காய்ப் பொடியில், அதாவது நேந்திர வாழைக்காய் மாவில், காய்ச்சிய கூழை டப்பாவிலிருந்து கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். எல்லாரும் மரியாதையோடு வேறு பக்கம் பார்த்தார்கள்.

ஊர்க்காரர்கள் இதைப் படித்துவிட்டு மீசையை முறுக்க வேண்டாம். நம் வளர்ப்பின் லட்சணமும் எனக்குத் தெரியும். பிள்ளையின் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அது வாயைப் பிளக்கிற நேரம் பார்த்து ஒரு கவளத்தைத் திணிப்பது. விழுந்த பிள்ளையைத் தூக்காமல் தரையை அடிப்பது. வந்தவர்கள் முன்னால் ஏபிசிடி சொல்லச் சொல்லி உயிரை வாங்குவது. சொல்லாவிட்டால், "அவனுக்கு ஒறக்கம் வருகு" என்று சமாளிப்பது. புரோக்கோலிக்காரி குழந்தையை விஞ்ஞானி என்று நினைக்கிறாள். நாம் அதைச் சாக்கு என்று நினைத்து நிரப்புகிறோம். இரண்டு கூட்டத்திடமும் எனக்குப் பெரிய மதிப்பு கிடையாது.

ஆனால் அந்த வேலை இருக்கிறதே, அது எனக்குப் பிடிக்கும். ஷைனி காலையில் கிளம்பிப் போனதும் வீடு எங்கள் மூவருக்கும் உரியது. ஈரத் துணியைப் பிழிந்தால் ஹன்னாவுக்குச் சிரிப்பு வரும். ஏன் என்று தெரியாது. நான் பிழியப் பிழிய அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள். காய்ந்த துணியைக்கூட நனைத்துப் பிழிந்திருக்கிறேன். ஏபல் எல்லாச் செருப்புகளையும் வரிசையாக வைத்து அவற்றுக்குப் பாடம் எடுப்பான். மழை வெளியே அடித்துக்கொண்டிருக்கும். சோறு அடியில் பிடித்துவிடும், ஒருவன் கழிப்பறையிலிருந்து கூப்பிடுவான், இன்னொருத்தி சட்டையில் கக்கியிருப்பாள். இடுப்பு ஒடிந்துபோகும், பேசுவதற்கு ஒரு பெரிய ஆள்கூட இல்லாமல் பைத்தியம் பிடிக்கும். சில நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். கல்லூரியில் நான் எடுத்த எந்த வகுப்பும் என்னை இவ்வளவு பிழிந்ததில்லை, எந்த வகுப்பிலும் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததுமில்லை.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தோம். ஹன்னாவுக்கு எங்கள் சபையில் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது மம்மியின் ஆசை. என் அம்மாவை நான் மம்மி என்றுதான் கூப்பிடுவேன். மம்மியும் நர்ஸ்தான். சவுதியில் ஒரு மருத்துவமனைப் பிரசவ வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, அப்பா இறந்த பிறகு, மார்பிள் போட்ட மாடிவீட்டில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பியிருந்தது. ஹன்னாவுக்கு வெள்ளை லேஸ் வைத்த உடுப்பு. ஐயர் (எங்கள் பக்கம் போதகரை அப்படித்தான் சொல்வோம்) ஞானஸ்நானம் கொடுத்து முடித்து, விசேஷ விண்ணப்பங்களுக்காக ஜெபிக்கத் தொடங்கினார். ஒரு ஆபரேஷன், ஒரு கல்யாணம், ஒரு நிலத்தகராறு. பிறகு குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, "கர்த்தாவே, தூர தேசத்திலே வேலையில்லாமல், பிள்ளைகளை வைத்துக்கொண்டு வீட்டிலே இருக்கிற உமது அடியானை நினைத்தருளும். அவனுக்கேற்ற ஒரு வேலையைக் கட்டளையிடும். அவன் தலைகுனிவை மாற்றும்" என்றார்.

அந்த அடியான் நான்தான் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏனென்றால் அந்த நேரம் ஹன்னா என் தோளில் கக்கிக்கொண்டிருந்தாள். ஒரு கையால் அவளைத் தாங்கி, மறுகையால் கைக்குட்டையைத் தேடி, முன் பெஞ்சுக்காரரின் பாட்டுப் புத்தகத்தைக் கிழிக்கப் போன ஏபலை முழங்காலால் தடுத்துக்கொண்டிருந்தேன். சபை முழுவதும் ஒரே குரலில் ஆமென் சொன்னது. இத்தனை பேர் கண்ணை மூடிக்கொண்டு எனக்கு வேலை கிடைக்க வேண்டினார்கள். ஒருவர் கண்ணைத் திறந்திருந்தாலும் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று பார்த்திருப்பார்.

வெளியே மாமரத்தடியில் அப்பாவின் பழைய சிநேகிதர் பிடித்துக்கொண்டார்.

"ஏலே மக்கா, இன்னும் ஜோலி ஒண்ணும் செரியாவலியா?"

"ஜோலி இருக்கு மாமா. ரெண்டு பிள்ளைகள நோக்குகேன்."

"அது கெடக்கட்டும்லே. நான் ஜோலியக் கேட்டேன். அங்க வயசானவங்கள நோக்க ஆள் எடுக்கானுவளாமே? குளிப்பாட்டணும், சோறு குடுக்கணும், மூத்திரம் அள்ளணும். நல்ல ஜோலியாக்கும், கேட்டியா? உனக்கு என்ன, படிச்ச பய. டக்குனு கெடைக்கும்."

எவனோ ஒருவனுடைய தகப்பனுக்கு மூத்திரம் அள்ளினால் அது வேலை. என் மகளுக்கு அள்ளினால் அது தலைகுனிவு, சபையாக எழுந்து நின்று ஜெபிக்க வேண்டிய காரியம். அயர்லாந்தில் அந்தப் பெண்மணி நெஞ்சில் கைவைத்ததும் இவர் என் தோளில் கைவைத்ததும் ஒன்றுதான். இருவருக்குமே இது ஆண் செய்கிற வேலை இல்லை. அவர் அதைத் தியாகம் என்றார், இவர் நோய் என்கிறார். மாமாவுக்கு நன்றி சொல்லிவிட்டு டயப்பர் மாற்ற இடம் தேடினேன்.

விண்ணப்பத்தைக் கொடுத்தது யார் என்று விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து விருந்து முடிந்து வந்தவர்கள் போன பிறகு மம்மி எங்களை மாடி அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அறைக்குப் புதிதாக ஏசி போட்டிருந்தாள். மூலையில் கொசுவலையோடு ஒரு தொட்டில் இருந்தது. அலமாரியில் ஏத்தங்காய்ப் பொடி, கூவைமாவு, துவாலைகள், எல்லாம் வார்டு அலமாரிபோல அடுக்கப்பட்டிருந்தன.

"மூத்தவன நீங்க கொண்டு போங்க" என்றாள் மம்மி. "குட்டி இஞ்ச நிக்கட்டும். ஸ்கூல்ல சேக்க வயசு வரும்பம் வந்து கூட்டிட்டுப் போனா போதும். பகலுக்கு ஒரு ஆளும் சொல்லி வச்சிருக்கேன். அதுக்குள்ள நீயும் ஒரு ஜோலிக்குக் கேறலாம்லா."

"மம்மி, அது என்ன நகையா, லாக்கர்ல வச்சிட்டுப் போறதுக்கு?"

"உன்னயும் விட்டுட்டுத்தான போனேன். நீ என்ன கொறைஞ்சா போன?"

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது என்பதால் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போவது ஒரு வழக்கம். நர்ஸம்மாக்கள் லீவில் வந்து பெற்று, பால் மறக்கும் முன்னே சொந்தக்காரர்களிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவார்கள். யாரும் அதைக் கொடுமை என்று சொன்னதில்லை. நல்ல ஏற்பாடு என்பார்கள். அயர்லாந்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்தக் காலத்திலும் அப்படித்தான் கைக்குழந்தையாக இருந்த பெண்ணை ஊருக்கு அனுப்பி வைத்தது. பள்ளிக்கூட வயதில் திரும்பி வந்த அந்தப் பெண் அப்பா அம்மாவோடு பேசுவதில்லை. "ஷை டைப்" என்று சொல்லிக்கொள்கிறார்கள். விருந்துகளில் இந்தக் கதையை யோகா வகுப்பைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவார்கள். எனக்குக் கையில் இருக்கிற தட்டை வீசலாம்போல இருக்கும்.

நானும் அந்த ஏற்பாட்டில் வளர்ந்தவன். தவழ்கிற வயதில் என்னை மம்மியின் அக்கா லீலாப் பெரியம்மையிடம் கொடுத்தார்கள். அப்பாவும் சவுதியில்தான். பெரியம்மையைத்தான் அம்மை என்று கூப்பிட்டேன், நீ என்று பேசினேன். மம்மியை நீங்க என்பேன், இன்று வரைக்கும். மம்மி லீவில் வரும் நாள், திருவனந்தபுரத்திலிருந்து டாக்ஸி வந்து முற்றத்தில் நிற்கும். பெட்டிகள் இறங்கும். ஏதோ வாசனைச் சோப்பு மணக்கும் ஒரு பெண் இறங்கிக் கையை நீட்டுவாள். நான் ரப்பர் ஷீட் காயப்போடுகிற புகைப்புரைக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன். "ஏலே, மம்மிட்ட போலே, முட்டாயி இருக்கு" என்று சொந்தக்காரர்கள் இழுத்துக்கொண்டு வருவார்கள். மிட்டாயை வாங்கிக்கொண்டு மறுபடி ஓடுவேன். மீதி நாளெல்லாம் மம்மி என்பது கேசட்டில் வருகிற ஒரு குரல். "மக்கா, படிக்கியா? ஒழுங்கா சாப்பிடுகியா?" என்று அந்தக் குரல் கேட்கும். பெரியம்மை என் விலாவில் இடித்து, படிக்கேன் என்று சொல்லச் சொல்வாள். நான் எதிலும் குறைந்துபோகவில்லை, உண்மைதான். உடுப்பும் உண்டு, சைக்கிளும் உண்டு. ஆனால் காய்ச்சலில் கிடக்கும்போது யாரைக் கூப்பிடுவது என்று எனக்குக் குழப்பம் வந்ததே இல்லை. அப்போது என் வாயில் மம்மியின் பெயர் வந்ததில்லை. பெரியம்மை இப்போது இல்லை.

ஷைனி என் பக்கம் நிற்பாள் என்று நினைத்திருந்தேன். அன்று மத்தியானம் ஏபல் தூங்கிய பிறகு அவள் மெதுவாக, "யோசிச்சுப் பாத்தா தப்பொண்ணும் இல்ல" என்றாள்.

"என்னது?"

"நான் டியூட்டி கழிஞ்சு வந்து எடுத்தா, அது எங்கிட்ட நிக்குகா? உங்களத்தான தேடுகு. உங்கட்ட வளந்தா என்ன, மம்மிட்ட வளந்தா என்ன? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்குச் சுருக்கென்றது. அயர்லாந்துக்காரர்கள் என்னைப் பாராட்டிய நாளெல்லாம் அவள் பக்கத்தில் நின்று புன்னகைத்திருக்கிறாள். அந்தப் புன்னகைக்குள் இது இருந்தது எனக்குத் தெரியாது. மகளை இழந்துவிடுவேன் என்று முதன்முதலாகப் பயந்தது அந்த மத்தியானம்தான்.

இரண்டு நாள் கழித்து ஏபலைத் திற்பரப்பு அருவிக்குக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள் ஷைனி. ஹன்னா மம்மியிடம் நிற்கட்டும், தண்ணீரில் சளி கூடிவிடும் என்றாள். ஹன்னா மம்மியிடம் ஒட்டுகிறாளா என்று அவள் சோதித்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தும் போனேன். அருவியைப் பார்த்ததும் ஏபல் காதைப் பொத்திக்கொண்டு, "இத யாரு தொறந்து விட்டா?" என்று கத்தினான். யாரும் திறக்கவில்லை, அதுவாக விழுகிறது என்றேன். "அப்போ யாரு ஆஃப் பண்ணுவா?" என்றான். அவனுக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குழாயில் வருவது, இல்லையென்றால் வானத்திலிருந்து பொறுமையாகச் சொட்டுவது. எண்ணெய் தேய்த்த தொப்பைகளுக்கு நடுவே அவனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் தலையில் அடிக்க அடிக்க அவன் வீறிட்டுச் சிரித்தான். இறக்கிவிட்டால் மறுபடி தூக்கச் சொன்னான். எனக்குத்தான் அதில் மனம் முழுசாக நிற்கவில்லை. வீட்டில் ஹன்னா அழுகிறாளோ என்று நினைத்தேன். அழாமல் இருந்துவிட்டால் அதைவிட மோசம் என்றும் நினைத்தேன்.

திரும்பி வந்தபோது மாடியிலிருந்து ஹன்னாவின் அழுகை கேட்டது. படி ஏறி வாசலில் நின்றேன். மம்மி அவளைக் குளிப்பாட்டித் துவாலையில் சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சுற்று, ஒரு மடிப்பு, ஒரு செருகல். முப்பது வருஷம் வார்டில் பழகிய கை. என்னால் அப்படி ஒருநாளும் சுற்ற முடிந்ததில்லை. ஆனால் முகம் நோயாளியைப் பார்க்கிற முகமாக இருந்தது. குழந்தை அடங்கவில்லை. மம்மி அவளைத் தோளில் சாய்த்து, முதுகில் தட்டி, நான் கேட்டே இராத ஒரு குரலில், "ஹலாஸ், யா ஹபீப்தி, ஹலாஸ்" என்றாள். போதும் கண்ணே, போதும் என்பது அதற்குப் பொருள். அரபி. அந்தக் குரல் அவ்வளவு இளசாக இருந்தது. கேசட்டில் வந்த குரல் இது இல்லை. முற்றத்தில் கையை நீட்டியவளுக்கும் இந்தக் குரல் இல்லை. ஹன்னா விசும்பி விசும்பி அடங்கினாள்.

"அவகிட்ட என்ன அரபி பேசுகிய?" என்று கேட்டேன். கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டேன்.

மம்மி திடுக்கிட்டுத் திரும்பினாள். பிடிபட்டவள்போல அவள் முகம் சிவந்துபோயிற்று. "எனக்கு வேற தெரியாதுலே" என்றாள். "அங்க எத்தர பிள்ளைகள எடுத்தேன். எல்லாம் அரபிக்காரிகளுக்க பிள்ளைகள். அழுத பிள்ளைய அமத்த எனக்கு இந்த ஒரு சொல்லுதான் தெரியும். தமிழ்ல சொல்லிப் பாத்தேன். வாயில வரல்ல."

அவள் தொட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உன்ன நான் வளக்கல்ல மக்கா. அது எனக்குத் தெரியாதுண்ணு நினைச்சியா? ஊருதான் சொல்லும், சிஸ்டரு ஒத்தப் பயல நல்லா வளத்திட்டாண்ணு. லீலாதான் வளத்தா. உனக்கு பல்லு மொளச்சத அவ எழுதி அனுப்பித்தான் நான் அறிஞ்சேன். எனக்கும் ஒண்ண வளத்துப் பாக்கணும். அதுக்குத்தான் கேட்டேன். உனக்க ஜோலி எல்லாம் சும்மா. அப்படிச் சொன்னாத்தான ஐயரும் ஜெபிப்பாரு, நீயும் மறுக்க மாட்ட."

இத்தனை நாள் என் இளக்காரத்தை யார் மேலெல்லாமோ தாராளமாக வீசிக்கொண்டிருந்தேன். அது ஒரு சௌகரியம். அவர்கள் முட்டாள்கள், நான் தெரிந்தவன். இப்போது அது வீச ஆளில்லாமல் என் கையிலேயே இருந்தது. என் தாயின் மேல் எனக்கு இரக்கம் வந்தது. அந்த இரக்கத்தின் மேல் கோபமும் வந்தது. ஏனென்றால் இரக்கத்துக்காகப் பிள்ளையைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் மம்மிக்கு நிறைவாக இருக்கும். ஆனால் ஒருநாள் டாக்ஸியில் வந்து இறங்குகிறவன் நானாக இருப்பேன், புகைப்புரைக்குள் ஓடுகிறவள் ஹன்னாவாக இருப்பாள்.

"மம்மி, நீங்க எங்க கூட வாங்க. அங்க வந்து வளருங்க."

"நான் வரமாட்டேன்லே. கண்ட நாட்டுலயும் சன்னல் வழியா ரோட்டப் பாத்துப் பாத்தே எனக்க பாதி ஆயுசு போச்சு. இனி எனக்க வீடு, எனக்க மண்ணு. எங்கயும் இல்ல."

"அப்பம் ஹன்னாவ விட்டுட்டுப் போவ மாட்டேன் மம்மி."

அவள் தலையை ஆட்டினாள். எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று எனக்குப் புரியவில்லை. ஷைனி கதவருகில் ஈரத் தலையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். உள்ளே வந்து, அலமாரியிலிருந்து ஹன்னாவின் உடுப்புகளை எடுத்து, எங்கள் பெட்டியில் அடுக்கத் தொடங்கினாள்.

கிளம்பும் நாள் காலையில் வண்டி வந்து முற்றத்தில் நின்றது. மம்மிதான் ஹன்னாவைக் குளிப்பாட்டி உடுப்பு மாட்டியிருந்தாள். பெட்டிகளெல்லாம் ஏறிய பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தாள். அழுவாள், பிடித்துக்கொள்வாள், ஏதாவது குத்தலாகச் சொல்வாள் என்று நினைத்துத் தயாராக நின்றேன். அவள் நேராக என் முன்னால் வந்து நின்றாள்.

"லாஸ்ட் ஃபீட் இப்பம்தான் குடுத்தேன். முழுசும் எடுத்தா" என்றாள். "மோஷன் நார்மல். டயப்பர் மாத்தியாச்சு. டெம்பரேச்சர் இல்ல. வலது காதுக்குப் பொறத்தால சின்ன ராஷ் ஒண்ணு இருக்கு. கிரீம் போட்டிருக்கேன், நீ வாட்ச் பண்ணணும்."

ஒரு ஷிப்ட் முடிந்து போகிற நர்ஸ் அடுத்த ஷிப்டுக்கு வருகிறவரிடம் ஒப்படைக்கிற முறை அது. ஷைனி தினமும் செய்வது. ஷைனி என் பக்கத்திலேயேதான் நின்றாள். அவளும் நர்ஸ், பெற்றவள். மம்மி அவளிடம் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து, நான் தலையசைக்கும் வரைக்கும் காத்திருந்து, பிறகுதான் குழந்தையை என் கையில் தந்தாள். இத்தனை வருஷத்தில் நான் செய்வதை வேலை என்று ஏற்றுக்கொண்ட முதல் ஆள் அவள்தான்.

"செரி மம்மி" என்று மட்டும் சொன்னேன்.

வண்டியை நோக்கித் திரும்பினேன். ஹன்னா என் தோளுக்கு மேலாக எக்கி, மம்மியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினாள். எடு என்று கேட்கிற நீட்டல். என்னிடமிருந்து மம்மிக்கு ஒருமுறைகூடக் கிடைக்காத கைகள் அவை. மம்மி வாங்கவில்லை. தன் கைகளைக் கட்டிக்கொண்டு, கக்கத்தில் இறுக்கிக்கொண்டு, "போ, டைம் ஆச்சு" என்றாள். வண்டிக்குள்ளிருந்து ஏபல் என் சட்டையைப் பிடித்து, "அப்பா, நம்ம வீட்டுக்குப் போவோம்" என்று இழுத்தான். ஹன்னா பாதி உடம்பு அந்தப் பக்கம் தொங்க அழுதாள். அவளை விழாமல் பிடித்துக்கொண்டு, ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல், நானும் அழுதுகொண்டு முற்றத்தில் நின்றேன்.